பத்துக்குப் பன்னெண்டு ரூமும் அஞ்சு ஹெட்போனும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. நடுவுல ஞாயித்துக்கிழமைகள்ல மட்டும் வேற ஒரு வேலை ஓடிட்டு இருந்துச்சு. எங்க பேண்டோட சொந்தப் பாட்டு நாலையும் நாங்களே ரெக்கார்ட் பண்ணிடறதுன்னு இறங்கிட்டோம். எப்படிப் பண்றீங்க, என்ன மைக்குன்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. மைக்கைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. எங்களைப் படாத பாடு படுத்தினது மைக் இல்லை, ஹெட்போன். அதனால இது முழுக்க ஹெட்போன் புராணம்தான். பாட்டு கூத்துல ஆர்வம் இல்லாதவங்களும் படிக்கலாம், காது எல்லாருக்கும் இருக்குதுல்ல.

முதல்ல ரூம். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியோட மாடி. பத்தடிக்குப் பன்னெண்டடி. முன்னாடி செக்கிங் செக்‌ஷனா இருந்ததாம், இப்ப கீழ் போர்ஷன் மட்டும் ஓடுது. சுவத்துக்கு முட்டை ட்ரே ஒட்டலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தார். முட்டை ட்ரேயால ஒண்ணும் ஆகாதுங்க, அது பேஸ் சத்தத்தை ஒரு இழை கூடத் தடுக்காது. திருப்பூர்ல இருந்துட்டு முட்டை ட்ரே வாங்கறவனை என்ன சொல்றது? கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா கிடைக்குது. நாலு மூலையிலயும் கூரை வரைக்கும் வேஸ்ட் மூட்டையை அடுக்கினோம். ஒரு மூட்டை ரெண்டடி கனம். ரூம் அப்படியே கம்முனு ஆயிடுச்சு. வாசம்தான் கொஞ்சம், சாயத் துணி வாசம். பழகிடுச்சு.

ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்னு கேட்டா, மத்த நாள்ல பக்கத்து காம்பவுண்டுல பவர் டேபிள் ஓடும். ஓவர்லாக் மிஷின் நாப்பது ஒண்ணா ஓடற சத்தம் சுவர் வழியா வரும், மைக் அதையும் சேர்த்துப் புடிச்சுக்கும். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சு ஞாயித்துக்கிழமை காலைல ஊரு தூங்கிட்டு இருக்கற அந்த நாலஞ்சு மணி நேரந்தான் நமக்குக் கெடைக்கற ஸ்டுடியோ.

ஆளுங்க அஞ்சு பேர். பாடற பொண்ணு ஒரு ஏற்றுமதி கம்பெனில மெர்ச்சண்டைசர். கிடார் தம்பி பிரிண்டிங் யூனிட் வெச்சிருக்கான். கீபோர்டு ஒரு ஸ்கூல் வாத்தியார். பேஸ் நான், கூடவே ரெக்கார்டிங் பொட்டியைத் தட்டறதும் நான்தான் (ஆபீஸ்லயும் பொட்டி, இங்கயும் பொட்டி). டிரம்ஸ் எங்க அண்ணன். கூடப் பொறந்தவர் இல்லை, எல்லாருக்கும் அண்ணன். நாப்பதைத் தாண்டின ஆளு, பல்லடம் பக்கத்துல தறி ஓட்டறார். சின்ன வயசுல நோம்பிக்கு ஜமாப்பு அடிச்சவர், அப்புறம் ஆர்கெஸ்ட்ராவுல டிரம்ஸ், இப்ப எங்களோட. அவரு கை மாதிரி ஒரு கையை நான் பாத்ததில்லை.

சரி, ஹெட்போன் எதுக்கு?

இந்த மாதிரி சின்ன ரூம்ல எல்லாரும் ஆம்ப்ளிஃபயர் வெச்சு ஒண்ணா வாசிச்சா, எல்லா மைக்லயும் எல்லாச் சத்தமும் போயிடும். டிரம்ஸ் மைக்ல கிடார், பாடற மைக்ல சிம்பல். அப்புறம் மிக்ஸ் பண்றப்போ ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணும் கூடவே ஏறும். அதனால பேஸையும் கீபோர்டையும் நேரா ஒயர்ல இண்டர்ஃபேஸுக்குள்ள விட்டோம், கிடாருக்கு ஆம்ப் இல்லாம ப்ராசஸர். ரூம்ல நிஜமா சத்தம் போடறது டிரம்ஸும், பாடற குரலும் மட்டும். அந்தக் குரலும் வழிகாட்டறதுக்குத்தான், பாட்டை அப்புறம் தனியாப் பாடிக்கலாம். மத்ததெல்லாம் ஹெட்போனுக்குள்ள. ரெக்கார்டிங் நடக்கறப்போ ஹெட்போனைக் கழட்டிட்டுப் பாத்தா செம காமெடியா இருக்கும். ஒருத்தர் வெறித்தனமா டிரம்ஸ் அடிச்சுட்டு இருப்பார், சுத்தி மூணு பேர் சத்தமே இல்லாம கையை ஆட்டிட்டு இருப்பாங்க.

இது ஒண்ணும் புதுசு இல்லை. ஹெட்போனே 1910ல யூட்டாவுல நத்தேனியல் பால்ட்வின்னு ஒருத்தர் வீட்டுச் சமையல்கட்டுல செஞ்சு அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினதுதான். அப்ப அது தந்திச் சத்தம் கேக்கறதுக்கு. பாட்டுக் கேக்கறதுக்குன்னு ஸ்டீரியோ ஹெட்போன் 1958ல ஜான் காஸ் கொண்டு வந்தது. நம்ம ஊர் சினிமாப் பாட்டுல ரொம்ப காலம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஹால்ல உக்காந்து ஒரே டேக்ல வாசிக்கும், பாடறவங்க மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஹெட்போனோட நிப்பாங்க. அம்பது பேர்ல ஒருத்தர் சறுக்கினா எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து. 1992ல ரோஜா வந்தப்புறம் தனித்தனியா வாசிச்சு, தனித்தனியா அடுக்கற முறை மெல்ல எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. அது சவுகரியம்தான். ஆனா எங்களுக்கு அப்படி வேண்டாம்னு இருந்துச்சு. கண்ணைக் கண்ணு பாத்து வாசிக்கற சூடு தனியா வாசிக்கறதுல வராது. ஒரே ரூம்ல, ஒரே நேரத்துல, ஆனா சத்தம் கலக்காம. அங்கதான் ஹெட்போன் உள்ள வருது, பிரச்சினையும் உள்ள வருது.

முதல் பிரச்சினை, அஞ்சு பேருக்கு எப்படிப் பிரிக்கறது. ஒரு ஹெட்போன் ஓட்டைல ஒய் கேபிள் போட்டு ரெண்டு ஹெட்போன் சொருகலாம்னு தோணும். ரெண்டும் ஒரே மாடலா இருந்தா ஓரளவு ஓடும். ஒண்ணு 32 ஓம், இன்னொண்ணு 250 ஓம்னு வெச்சுக்கங்க. ஒரே வோல்டேஜ்ல 32 ஓம் காரனுக்கு பவர் எட்டு மடங்கு போகும். அவன் காதைப் பொத்திட்டு எந்திரிப்பான், 250 ஓம் காரன் "ஏண்டா எனக்கு ஒண்ணும் கேக்கலை"ம்பான். இதுக்குன்னே நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கற சின்ன ஹெட்போன் ஆம்ப் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனி வால்யூம். ஒண்ணு வாங்கினோம். அதுல என்ன குறைன்னா வால்யூம்தான் தனி, உள்ள வர்ற மிக்ஸ் எல்லாருக்கும் ஒண்ணு. எல்லாரும் ஒரே குழம்பைத்தான் ஊத்திக்கணும், அளவு மட்டும் அவங்கவங்க இஷ்டம்.

ரெண்டாவது, லேட்டன்ஸி. இது நம்ம டிபார்ட்மெண்ட். கம்ப்யூட்டருக்குள்ள சத்தம் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கு நேரம் ஆகும். பஃபர் 256 சாம்பிள், 48000 சாம்பிள் ரேட்னா ஒரு வழிக்கே 5.3 மில்லிசெகண்ட். போய்த் திரும்பி, கன்வர்ட்டர் நேரமும் சேர்த்தா 12க்கு மேல வந்துடும். 12 மில்லிசெகண்ட்னா எவ்வளவு? காத்துல சத்தம் ஒரு மீட்டர் போக சுமாரா 3 மில்லிசெகண்ட். ஆக நாலு மீட்டர் தள்ளி நிக்கற ஆம்ப்ல இருந்து வர்ற மாதிரி. கிடார் தம்பிக்கு இது பெருசாத் தெரியாது, மேடைல நாலு மீட்டர் தள்ளி ஆம்ப் வெச்சு வாசிச்சவன்தானே. ஆனா பாடற பொண்ணுக்குத் தெரியும். அவ குரல் எலும்பு வழியா அவ காதுக்கு உடனே போயிடுது, அதே குரல் ஹெட்போன்ல கொஞ்சம் லேட்டா வருது. ரெண்டும் கலந்தா குரல் ஏதோ குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். "அண்ணா, என்ற குரலே எனக்குப் புடிக்கலை"ன்னு அவ மூணு தடவை சொன்னா. பஃபரை 64க்குக் குறைச்சா என்னோட பழைய லேப்டாப் மூச்சு வாங்குது, படபடன்னு சத்தம் விழுது. கடைசியா அவ குரலை மட்டும் கம்ப்யூட்டருக்குள்ள போகாம இண்டர்ஃபேஸ்லயே திருப்பி விட்டேன். டைரக்ட் மானிட்டரிங்னு சொல்லுவாங்க. அஞ்சு நிமிச வேலை. அதுக்கப்புறம் புள்ள முகமே மாறிடுச்சு.

மூணாவதுதான் பெரிய தலைவலி. ஆளாளுக்கு "என்னைக் கொஞ்சம் ஏத்துங்க". மார்கழி சபாக்கள்ல பாத்திருப்பீங்க, ஆலாபனை நடுவுல வித்வான் ஒத்தை விரலை மேல நீட்டி சவுண்ட் ஆளுக்கு சிக்னல் குடுப்பார். அவர் சொன்னதும் வயலின் விரல் மேல போகும், அப்புறம் மிருதங்கம். கொஞ்ச நேரத்துல மானிட்டர் கூய்னு ஊளையிடும். எங்க ரூம்லயும் அதே கதை. கீபோர்டு வாத்தியாரை ஏத்தினா கிடார் கேக்கலைங்கறான். கிடாரை ஏத்தினா பாடற பொண்ணு தன் குரல் முங்கிப் போச்சுங்கறா. சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்குச் சொன்னா உடனே புரியும்: அஞ்சு டிக்கெட், அஞ்சும் பி-ஒன்.

இதுக்கு வைத்தியம் ஏத்தறதுல இல்லை, இறக்கறதுல இருக்கு. இண்டர்ஃபேஸ் பின்னாடி சும்மா கிடந்த லைன் அவுட்டுகளைப் புடிச்சு ஆளுக்கொரு மிக்ஸ் போட்டேன். ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு, "உனக்கு எது கேக்கலை"ன்னு கேக்காம "உனக்கு எது தேவையில்லை"ன்னு கேட்டேன். கிடார் தம்பிக்குக் கீபோர்டு பாதி போதுமாம். வாத்தியாருக்குப் பேஸே வேண்டாமாம் (மனசு கொஞ்சம் வலிச்சுது). பாடற பொண்ணுக்கு வேண்டியது கீபோர்டும் அவ குரலும், தாளத்துக்குக் கொஞ்சம் ஹைஹாட்டும். மத்ததெல்லாம் ஏற்கெனவே ரூம்லயே கேக்குது. தேவையில்லாததை எடுத்ததும் வால்யூம் தன்னால இறங்கிடுச்சு.

பாடறவங்க இன்னொரு காரியம் பண்ணுவாங்க, ஹெட்போனை ஒரு காதுல இருந்து நகத்தி வெச்சுக்குவாங்க. தப்பே இல்லை, சுருதி புடிக்க அவங்களுக்குத் தன் குரல் காத்துல கேக்கணும். ஆனா நகத்தின கப்புல இருந்து வழியற சத்தம் நேரா மைக்குக்குள்ள போகும். அந்தப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் அமத்திட்டு எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்குத் தள்ளிட்டா தீந்துச்சு. இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம், ஆனா இதுக்கே ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

இப்ப அண்ணன் கதைக்கு வர்றேன். மேல சொன்னதெல்லாம் நாங்க நாலு பேரு. அண்ணன் மட்டும் வேற ஒரு லெவல்ல இருந்தார்.

டிரம்மருக்குக் காதுல கிளிக் ஓடணும், மெட்ரனோம். அதை வெச்சுத்தான் டெம்போ நிக்கும். அண்ணன் உக்காந்ததும் சொன்னது, "தம்பி, டிக்கு டிக்கு கொஞ்சம் ஏத்துங்க." ஏத்தினேன். "இன்னுங் கொஞ்சம்." ஏத்தினேன். ஹெட்போன் ஆம்ப்போட குமிழ் முக்காலைத் தாண்டிடுச்சு. அவருக்கு முன்னாடி அந்த ஹெட்போனை நான் மாட்டிப் பாத்தேன், அரை செகண்ட் கூட வெச்சுக்க முடியலை. ஊசியால குத்தற மாதிரி இருந்துச்சு. அவரு, "இது பத்துமுங்க, ஆனா இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்"ங்கறார்.

முதல் பாட்டோட முடிவுல எல்லாரும் நிறுத்தி ஒரு சிம்பல் மட்டும் கரையணும். ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டா, சிம்பல் கரையக் கரைய உள்ள இருந்து டிக்... டிக்... டிக்... அண்ணன் ஹெட்போன்ல இருந்து வழிஞ்ச கிளிக்கு, தலைக்கு மேல இருந்த மைக்குகள்ல அட்சர சுத்தமா விழுந்திருக்கு. கடைசி அடிக்கு அப்புறம் கிளிக்கை நிறுத்திடலாம், அது ஈஸி. ஆனா பாட்டு நடுவுல அமைதியான இடத்துலயும் கேக்குதே. கிடார் தம்பி சிரிச்சுகிட்டே, "அண்ணனுக்குக் காது டப்பா ஆயிடுச்சு"ன்னான். அண்ணனும் சிரிச்சார்.

எனக்கு வேற ஒண்ணு உறுத்துச்சு. எல்லாரும் ஹெட்போன் மாட்டிட்டா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. அதுக்காகப் பேசறதுக்குன்னே ஒரு மைக் வெக்கணும், எல்லா ஹெட்போனுக்கும் போற மாதிரி. நாங்க அதை வெக்கறதுக்கு முந்தியே அண்ணன் மட்டும் எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிட்டு இருந்தார். ஹெட்போனுக்குள்ள கிளிக்கு ஓடிட்டு இருக்கு, பாடற பொண்ணு எதிர்ல நின்னு "அண்ணா, ரெண்டாவது சரணத்துல இருந்து"ங்கறா, அவரு தலையாட்டிட்டு ரெண்டாவது சரணத்துக்கு எண்ண ஆரம்பிக்கறார். எங்களுக்குக் கேக்கலை, அவருக்கு மட்டும் எப்படிக் கேக்குது? டீ குடிக்கறப்போ வாத்தியார் அவருக்குப் பின்னாடி நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டார். ஹெட்போனே இல்லாம உக்காந்திருந்தவர் திரும்பலை.

அவரு கேக்கறதில்லை, வாயைப் பாக்கறார்.

தறிக்குடோனுக்குள்ள போயிருக்கீங்களா? இருபது, முப்பது தறி ஒண்ணா ஓடும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிச்சு அடிச்சு நிக்கும். பக்கத்துல நிக்கறவன் காதுல வாயை வெச்சுக் கத்தினாலும் பாதிதான் புரியும். அதனால அங்க இருக்கறவங்க உதட்டைப் பாத்தும் கையைப் பாத்தும் பேசிக்குவாங்க. இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலைத் தறிக்காரங்க இதையே ஒரு தனிப் பேச்சா வெச்சிருந்தாங்க, மீ-மான்னு பேர். சத்தமே போடாம வாயைப் பெருசா அசைச்சு ஊர்க்கதை முழுக்கப் பேசுவாங்களாம். எங்க அண்ணன் பன்னெண்டு வயசுல இருந்து அப்பாகூட அந்தச் சத்தத்துக்குள்ள நின்னவர். காடாத் துணி நெஞ்சு நெஞ்சே வளந்த குடும்பம்.

டீ முடிஞ்சு மத்தவங்க கீழ போனப்புறம், "அண்ணா, ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமுங்களா"ன்னு கேட்டேன். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்லயே டோன் போடற வசதி இருக்கு. கேட்டா கையைத் தூக்குங்கன்னேன். 500 ஹெர்ட்ஸ், கை போச்சு. 1000, போச்சு. 2000, கொஞ்சம் யோசிச்சுட்டு போச்சு. 4000 வெச்சேன். கை மடியிலயே இருந்துச்சு. அவரு என் மூஞ்சியப் பாத்துட்டு, "ஆரம்பிச்சுட்டீங்களா தம்பி"ன்னார்.

என்ன சொல்றதுன்னு தெரியலை. ஓடிட்டுத்தான் இருக்குதுங்கண்ணான்னேன்.

இது ஒண்ணும் டாக்டர் டெஸ்ட் இல்லை. அடுத்த வாரம் ஒரு ஈ.என்.டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு முறையா எடுத்தாங்க. கிராஃப் அப்படியே பாடப்புத்தகம் மாதிரி இருந்துச்சு. தாழ்ந்த சத்தங்கள்ல ஓரளவு நேரா வர்ற கோடு 4000 ஹெர்ட்ஸ்ல பள்ளத்துல விழுந்து, 8000ல மறுபடி கொஞ்சம் மேல ஏறுது. ரெண்டு காதுலயும். வருசக்கணக்கா சத்தத்துல நின்ன காதுக்குப் பொதுவா இந்த இடத்துலதான் முதல்ல அடி விழுமாம். உள்காதுல இருக்கற நுண்ணிய முடி செல்கள் ஒருதரம் செத்தா மனுசனுக்குத் திரும்ப முளைக்காது. ஆம்பளைக் குரல் புரியும், பொம்பளைங்க, குழந்தைங்க பேசறதுல ச, ஸ மாதிரி மெல்லிசான ஓசையெல்லாம் நழுவிப் போகும். "புள்ள பேசறது புரியறதில்லைன்னு ஊட்டுல சண்டைங்க"ன்னு அண்ணன் அங்கதான் முதல் தடவையாச் சொன்னார்.

1948ம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணைல, அரசாங்கத்துக்குத் தெரிவிச்சே ஆகவேண்டிய தொழில் நோய்னு இதையும் சேர்த்திருந்தாங்க. மாதிரி விதிகள்ல எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச அளவுன்னு போட்டிருந்தாங்க. அமெரிக்காவுல நியோஷ்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் கறார்: எட்டு மணி நேரத்துக்கு 85, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறினா நேரம் பாதியாக் குறையணும். அந்தக் கணக்குல 100 டெசிபல்னா கால் மணி நேரம். டிரம்ஸ் வாசிக்கறவன் காதுல அதைத் தாண்டியே விழும். அண்ணன் வாரம் ஆறு நாள் தறி, ஏழாவது நாள் எங்களோட டிரம்ஸ், அதுக்கு மேல நான் முக்கால் குமிழ் வெச்ச கிளிக்கு.

டாக்டர் டிரம்ஸை விடச் சொல்லலை. காதை மூடிட்டு வாசிங்கன்னார். அதுல இருந்துதான் எங்க மிச்ச ரெக்கார்டிங் உருப்பட்டுச்சு.

யோசிச்சுப் பாருங்க. டிரம்ஸ் சத்தம் அவரு காதுல 105 டெசிபல்னு வெச்சுக்குவோம். கிளிக்கு அதுக்கு மேல கேக்கணும்னா அதுவும் 105ஐத் தொடணும். ஆனா டிரம்ஸையே காதுக்கு வெளிய 25 டெசிபல் குறைச்சுட்டா, உள்ள 80தான் வரும், கிளிக்கு 85 இருந்தாலே போதும். சத்தம் பத்தலைன்னா பெரும்பாலும் அடைப்பு பத்தலைன்னு அர்த்தம். நல்ல மூடின ஹெட்போனே கொஞ்சம் அடைக்கும். சென்ஹைசர் ஹெச்.டி. 280 ப்ரோவுக்கு 32 டெசிபல் வரைக்கும்னு கம்பெனி போட்டிருக்கு, ஆனா அது எல்லா அலைவரிசைக்கும் கெடைக்காது, பேஸ் டிரம் பாட்டுக்கு உள்ள வரும். நாங்க பண்ணினது பல டிரம்மர்கள் பண்ற பழைய வித்தை. காதுக்குள்ள நல்லா அடைச்சு உக்கார்ற இயர்போன், அதுக்கு மேல தொழிற்சாலைல போடற இயர்மஃப். ஒயர் போற இடத்துல மஃப்போட மெத்தை கொஞ்சம் தூக்கிக்கும், அதைக் காதுக்குப் பின்னாடி வளைச்சு விட்டா சரியா உக்காந்துக்கும். ஊருக்குள்ள சேஃப்டி சாமான் விக்கற கடைலயே மஃப் கெடைச்சுது, மஞ்சக் கலர்ல.

அண்ணன் அதைக் கைல வாங்கிப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார். "இதுல நாலு எங்க குடோன் ஆபீஸ் பீரோல கிடக்குதுங்க தம்பி. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மாட்டுவோம்."

அடுத்தது கிளிக்கு. சாஃப்ட்வேர்ல வர்ற டிக் டிக் ரொம்பக் கூரானது, அதோட பலமெல்லாம் அவருக்குப் பள்ளம் விழுந்திருக்கற அந்த இடத்துலயே இருக்கு. கேக்காத இடத்துல எவ்வளவு ஏத்தினா என்ன? கீழ இருந்து ஒரு பேக்கிங் பலகையை எடுத்துட்டு வந்து, அதை அண்ணனே குச்சியால தட்ட வெச்சு, மைக்ல புடிச்சு அதையே கிளிக்கா போட்டோம். டொக் டொக்னு அடிவயித்துச் சத்தம், 800 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல. கிடார் தம்பி "தறிச் சத்தத்தையே கிளிக்காப் போட்டுடலாம்ணா"ன்னான். "அது கரண்டு இறங்கினா டெம்போ இறங்கிருமப்பா"ன்னார் அண்ணன்.

மஃப், இயர்போன், பலகைக் கிளிக்கு மூணும் சேர்ந்த அன்னைக்கு அவரோட வால்யூம் குமிழ் மணி ஒம்போதுல நின்னுச்சு. முக்கால்ல இருந்து கால். ஓவர்ஹெட் மைக்ல கிளிக்கோட பொட்டு கூட இல்லை. எனக்கு அதை விட ஆச்சரியம் அவரோட வாசிப்பு. ஸ்நேர்ல மெதுவாத் தட்டற அடியெல்லாம் புதுசா வந்து விழுந்துச்சு. கேட்டா, "இத்தனை நாளா அது எனக்கே கேக்கலைங்களே"ங்கறார். ஓங்கி அடிக்கறதுதான் அவரு ஸ்டைலுன்னு நாங்க இத்தனை வருசமா நெனைச்சுட்டு இருந்தோம்.

பேச்சு மைக் ஒண்ணும் வெச்சாச்சு. ஆனா நாங்க இன்னும் அவருக்கு எதிர்ல போய் நின்னு, வாயை நல்லா அசைச்சுத்தான் பேசறோம். பாடற பொண்ணு இப்ப சத்தமே இல்லாம அவருகூடப் பேசப் பழகிட்டா. ரெண்டு பேரும் கிடார் தம்பியைக் கலாய்க்கறது அவனுக்கே தெரியறதில்லை :-)

தறிக்கும் மஃப் போடுங்கண்ணான்னு கேட்டுப் பாத்தேன். சுலபமா சரின்னு சொல்ற மனுசன் இல்லை. "போட்டா தறி பேசறது கேக்காதுங்க"ன்னார். பாவு அறுந்தா, நாடா சரியா உக்காரலைன்னா, சத்தம் மாறுமாம். கண்ணு அங்க இல்லாட்டியும் காதுல தெரிஞ்சுருமாம். அதை வெச்சுத்தான் ஒரு ஆள் அத்தனை தறியப் பாக்கறது. துணில கோளாறு விழுந்தா கூலில புடிப்பாங்க. இதைக் கேட்டப்புறம் பீரோல கிடக்கற மஃப்பை நான் சோம்பேறித்தனம்னு சொல்லத் தயாரா இல்லை. எங்களுக்கு ரூம்ல எது வேணும், எது வேண்டாம்னு பிரிச்சுக் குடுக்க எட்டு சானல் பொட்டி ஒண்ணு இருக்கு. தறிக்குடோன்ல அவருக்கு அப்படி ஒண்ணும் இல்லை.

போன வாரம் வந்தப்போ சொன்னார், வேலை நேரத்துல பாதிக்கு மாட்டிப் பாக்கறாராம். மஃப்புக்குள்ளயும் தறி சத்தம் மாறுறது மந்தமாத் தெரியுதாம், பழகணும்ங்கறார். பக்கத்துத் தறிப் பையன் ஒருத்தன் இது என்னண்ணா பாட்டுக் கேக்கறீங்களான்னு கேட்டானாம். ஆமான்னு சொல்லி வெச்சிருக்கார்.

மூணு பாட்டு முடிஞ்சுது. நாலாவது நிக்குது, தைப் பொங்கல் முடிஞ்சு தறி மறுபடி ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு நாள் கெடைச்சா முடிச்சுடலாம். அண்ணன் வர்ற மாசம் மறுபடி காது டெஸ்டுக்குப் போகணும், நான்தான் கூட்டிட்டுப் போறேன்.

பி.கு: இயர்போன் ரப்பரை ஆளுக்கொண்ணா தனியா வாங்கிக்கங்க, பத்து ரூவா சமாச்சாரம். அஞ்சு பேர் காது அழுக்கு ஒரே ரப்பர்ல சேர்ந்தா என்ன ஆகும்னு எழுத ஆரம்பிச்சா நீங்க மதியச் சாப்பாடு சாப்பிட மாட்டீங்க.